முழு இழப்பான அதிவேகக் கார்: வாங்கலாமா, விலகலாமா?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரை



இன்றைய தலைப்பைக் கேட்டவுடன், "இது கார் பித்து பிடித்தவர்களின் விஷயம், குடும்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் நினைக்கக் கூடும். தொடர்பு நிறையவே இருக்கிறது. அந்தக் காரை வாங்குவது பிள்ளையாக இருக்கலாம். ஆனால் முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போவது அம்மாவின் சங்கிலி. பிணையாளராகக் கையெழுத்துப் போடுவது அப்பா. பின்னிருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போவது தங்கை.

ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஒவ்வொரு தாமானிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். வயது இருபத்தாறு. தொழிற்சாலையில் தொழில்நுட்பர் வேலை. சிறு வயது முதல் ஒரே கனவு: ஒரு ஹோண்டா டைப் ஆர், அல்லது ஒரு சுபாரு எஸ்டிஐ, அல்லது ஒரு மிட்சுபிஷி லான்சர் எவலூஷன். சந்தை விலையைப் பார்த்தால் கைக்கு எட்டாது. ஒருநாள் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. அதே கார், அதே ஆண்டு. ஆனால் விலை மூன்றில் ஒரு பங்கு குறைவு. விற்பவரும் எதையும் ஒளிக்கவில்லை. "தம்பி, இது டோட்டல் லாஸ் ஆன கார். நல்ல பட்டறையில் கொடுத்து முழுசாகச் செய்துவிட்டோம். ஓட்டிப் பாருங்கள், புதுசு மாதிரி இருக்கும்" என்கிறார். ஓட்டிப் பார்த்தால், உண்மையிலேயே புதுசு மாதிரிதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "ஏன்டா இவ்வளவு மலிவு?"

அந்தக் கேள்விக்கு இளைஞரால் பதில் சொல்ல முடிகிறதா, இல்லையா? வாங்கலாமா, விலகலாமா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முழு இழப்பு என்றால் என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். 'முழு இழப்பு' என்று காப்புறுதி நிறுவனம் ஒரு காரை அறிவித்துவிட்டால், அது அடையாளம் தெரியாமல் நொறுங்கிப்போன கார் என்று அர்த்தமாகாது. அது ஒரு கணக்கு. காரைப் பழுதுபார்க்க ஆகும் செலவு, அந்தக் காரின் மதிப்போடு ஒப்பிடும்போது கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், நிறுவனம் பழுதுபார்ப்பதைக் கைவிட்டு இழப்பீட்டைக் கொடுத்துவிடுகிறது. சேதமான வாகனம் பொதுவாக டெண்டரிலோ ஏலத்திலோ விற்கப்படுகிறது.

அதிவேகக் கார்கள் இந்தக் கணக்கில் எளிதாகச் சிக்கிக்கொள்ளும். காரணம், அவற்றின் பாகங்களின் விலை. முன்விளக்குகள் இரண்டு, ரேடியேட்டர், டர்போவுக்கான இன்டர்கூலர், விரிந்துபோன காற்றுப்பைகள், அலுமினியச் சக்கரங்கள் ஆகியவற்றைப் புதிதாக வாங்கி மாற்றினாலே செலவு மலைபோல் ஏறிவிடும். கார் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருந்தால் அதன் மதிப்பு குறைந்திருக்கும். பாகங்களின் விலை குறைந்திருக்காது. ஆகவே, சட்டகத்தில் பெரிய சேதம் இல்லாத கார்கூட முழு இழப்பாகலாம்.

வேறு காரணங்களும் உண்டு. திருடப்பட்டு, இயந்திரமும் இருக்கைகளும் கழற்றப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் கார்கள் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனை கார்கள் கூரை வரை நீரில் நின்றன என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மூழ்கிய காரின் வெளித்தகட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் கம்பி இணைப்புகளிலும் கணினிப் பெட்டிகளிலும் துரு மெல்ல மெல்ல வேலை செய்யும்.

எனவே, 'முழு இழப்பு' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. எந்தக் கதை என்று தெரியாமல் விலை பேசுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதற்குச் சமம்.

சாதாரணக் காருக்கும் அதிவேகக் காருக்கும் உள்ள வேறுபாடு

"எந்தக் காராக இருந்தாலும் விபத்து விபத்துதானே? அதிவேகக் காரை மட்டும் ஏன் தனியாகப் பிரித்துப் பேச வேண்டும்?" என்ற கேள்வி எழலாம். பதில் இதுதான்: அதிவேகக் காரை வாங்குபவர் எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறாரோ, விபத்து அதையேதான் கெடுக்கிறது.

இன்றைய கார்களில் தனிச் சட்டகம் என்று ஒன்று இல்லை. தரை, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடுதான் கார். வளைவில் திரும்பும்போது அந்தக் கூடு முறுக்கிக்கொள்ளாமல் விறைப்பாக நின்றால்தான் சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்யும். 1995-இல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் இன்டெக்ரா டைப் ஆர் காரை வெளியிட்டபோது, 1.8 லிட்டர் இயந்திரத்தில் இருந்து 200 குதிரைச் சக்தியை எடுத்தது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அந்தக் காரின் கூட்டுக்கும் கூடுதல் வலுவூட்டல் செய்யப்பட்டிருந்தது என்பதைக் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் அறிவார்கள். அந்த விறைப்புதான் டைப் ஆர். அது போய்விட்டால் எஞ்சுவது சிவப்பு நிறச் சின்னம் மட்டுமே.

அடுத்தது, எஃகு. விபத்தின் வேகத்தைத் தானே நசுங்கி உள்வாங்கிக்கொள்ளும் பகுதி, பயணிகளைச் சுற்றி நசுங்காமல் நிற்கும் பகுதி என்று காரின் கூடு இரண்டாக வடிவமைக்கப்படுகிறது. இரண்டாவது பகுதிக்கு, புதிய கார்களில், சூட்டில் அழுத்தி வடிவமைத்துக் கடினமாக்கப்பட்ட மிக உயர்வலு எஃகைப் பயன்படுத்துகிறார்கள். அதை மீண்டும் நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தினால் அதன் வலு குறைந்துவிடும். அதனால்தான் தயாரிப்பாளர்களின் பழுதுபார்ப்புக் கையேடுகள், அத்தகைய பாகங்களை நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும் என்று சொல்கின்றன. எங்கே வெட்டலாம், எங்கே பற்றவைக்கலாம் என்பதற்கும் குறிப்பிட்ட இடங்கள் உண்டு. பட்டறையில் இழுத்து, தட்டி, பூசி, சாயம் அடித்துவிட்டால் கண்ணுக்கு நேராகத் தெரியும். அடுத்த விபத்தில் எந்த இடம் நசுங்க வேண்டுமோ அது நசுங்காமலும், எந்த இடம் நிற்க வேண்டுமோ அது நிற்காமலும் போகலாம்.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் இருக்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால், நெடுஞ்சாலையின் வேக வரம்பான 110 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிவேகக் கார் அதன் உரிமையாளரை எந்த வேகத்துக்கு அழைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காற்றுப்பை இருக்கிறதா?

முன்பக்க மோதலில் முழு இழப்பான கார் என்றால், அதன் காற்றுப்பைகள் பெரும்பாலும் விரிந்திருக்கும். இருக்கை வார்களை இறுக்கிப் பிடிக்கும் கருவிகளும் வெடித்திருக்கும். இவை ஒருமுறைதான் பயன்படும். முறைப்படி புதிதாக மாற்றினால் செலவு அதிகம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? ஹாஃப் கட் கடையில் இருந்து வேறொரு காரின் காற்றுப்பையைக் கழற்றிப் போடுகிறார்கள். இன்னும் மோசமானவர்கள், உள்ளே ஒன்றுமே வைக்காமல் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி கம்பியில் ஒரு சிறு மின்தடையைப் பொருத்திவிடுகிறார்கள்.

வேறொரு காரின் காற்றுப்பை என்றால் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தகாத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் அவற்றுக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட் காலப்போக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மீது பாய்ச்சியது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. அந்த நிறுவனம் 2017-இல் திவால் பாதுகாப்பைக் கோரியது. ஒரு கார் திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்பதை அதன் சேஸிஸ் எண்ணைக் கொண்டுதான் பார்க்க முடியும். காற்றுப்பை வேறொரு காரில் இருந்து வந்திருந்தால், இந்தக் காரின் சேஸிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்து என்ன பயன்? "பிரச்சினை இல்லை" என்று பதில் வரும். பிரச்சினை ஸ்டேரிங்கின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்.

எல்லை தாண்டும்போது மறையும் வரலாறு

நம் நாட்டில் ஓடும் அதிவேகக் கார்களில் பல, ஜப்பானில் இருந்தும் பிரிட்டனில் இருந்தும் ஏபி அனுமதியின் கீழ் வந்த ரீகண்டிஷன் கார்கள். அந்த நாடுகளும் இடப்பக்கச் சாலையில், வலப்பக்க ஸ்டேரிங்கோடு ஓட்டும் நாடுகள் என்பதே காரணம். அங்கே ஒரு காரின் விபத்து வரலாறு எப்படிப் பதிவாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜப்பானிய ஏலக் கூடங்களில் ஒவ்வொரு காரையும் பரிசோதகர் பார்த்து, ஒரு தாளில் மதிப்பெண் போடுகிறார். நல்ல கார்களுக்கு 4, 4.5, 5 போன்ற எண்கள் கிடைக்கும். நீள்சட்டம், குறுக்குச் சட்டம், தூண், கூரை, தரை ஆகிய கட்டமைப்புப் பகுதிகளில் சேதமோ பழுதுபார்ப்போ இருந்தால் அது 'பழுதுநீக்க வரலாறு' உள்ள காராகி, பொதுவாக 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்ற எழுத்தைப் பெறும். கதவு, பானட், முன் மட்கார்ட் போன்றவற்றை மாற்றியிருந்தால் அது இந்த வகையில் சேராது. அந்தத் தாளில் காரின் படமும் இருக்கும். 'டபிள்யூ' என்றால் அந்த இடத்தில் தட்டிச் சரிசெய்த அடையாளம்; 'எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது.

பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் நான்கு பிரிவுகள் நடப்பில் உள்ளன. 'ஏ' பிரிவுக் காரை முழுவதுமாக நசுக்கிவிட வேண்டும். 'பி' பிரிவில் பாகங்களைக் கழற்றி விற்கலாம். கூட்டை நசுக்க வேண்டும். 'எஸ்' என்றால் கட்டமைப்பில் சேதம், ஆனால் பழுதுபார்க்கலாம். 'என்' என்றால் கட்டமைப்பில் சேதம் இல்லை. இதற்கு முன் 'சி', 'டி' என்றிருந்த பிரிவுகள் செலவை அடிப்படையாகக் கொண்டவை. கட்டமைப்புதான் முக்கியம் என்பதை உணர்ந்தே முறையை மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இன்னும் கடுமையானது. பழுதுபார்க்கத் தக்கது என்று வகைப்படுத்தப்பட்ட முழு இழப்புக் கார்களைக்கூட, சில விதிவிலக்குகள் தவிர, மீண்டும் பதிவு செய்ய 2011 முதல் அங்கே அனுமதி இல்லை.

இந்த விவரங்கள் எல்லாம் அந்தந்த நாட்டின் ஏடுகளில் இருக்கின்றன. கார் கப்பலேறி, இங்கே புதிய பதிவு எண் பெற்று, இரண்டு மூன்று கை மாறிய பிறகு, வாங்குபவரின் கையில் கிடைக்கும் கிராண்டில் 'எஸ்' என்ற எழுத்தும் இருக்காது. 'ஆர்' என்ற மதிப்பெண்ணும் இருக்காது.

"புஸ்பாகோம் பாஸ் ஆகிவிட்டதே!" என்று விற்பவர் சொல்லலாம். உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையைப் பொதுமக்கள் அந்தப் பெயரில்தான் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அது அவசியமான பரிசோதனைதான். ஆனால் அதன் முதன்மை நோக்கம் சேஸிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. கூட்டை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, பற்றவைப்பு சரியா என்று சான்றிதழ் தருவது அதன் வேலை அன்று. அந்தத் தாளைக் காட்டி, "கார் நேராக இருக்கிறது" என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

காரே வேறாக இருந்தால்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நொறுங்கிப்போன காரைச் சிலர் வாங்குவது, அதைப் பழுதுபார்ப்பதற்காக அல்ல. அதன் கிராண்டுக்காகவும் சேஸிஸ் எண்ணுக்காகவும் மட்டும். அதே வகை, அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, நொறுங்கிய காரின் எண்ணை அதில் ஏற்றிவிட்டால், 'பழுதுபார்க்கப்பட்ட முழு இழப்புக் கார்' தயார். இவற்றைத்தான் குளோன் கார்கள் என்கிறார்கள். இன்னொரு வகை, வெட்டி ஒட்டிய கார். முன்பாதி ஒரு காருடையது, பின்பாதி இன்னொரு காருடையது. நடுவில் ஒரு பற்றவைப்புக் கோடு.

இப்படிப்பட்ட காரை ஒருவர் முழுப் பணமும் கொடுத்து, நல்ல எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், திருடியவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வந்துவிடாது. இதுதான் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. சாலைத் தடுப்புச் சோதனையில் சேஸிஸ் எண் மாற்றப்பட்டது தெரியவந்தால், கார் பறிமுதலாகும். காசு போகும், கடன் மட்டும் வங்கியில் நிற்கும், அப்பாவின் பிணைக் கையெழுத்தும் அதோடு சேர்ந்து நிற்கும்.

மலிவின் கணக்கு

இனி, அந்த மூன்றில் ஒரு பங்கு மலிவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள் மட்டுமே. விபத்து இல்லாத கார் 100,000 வெள்ளி. முழு இழப்பாகிப் பழுதுபார்க்கப்பட்ட கார் 65,000 வெள்ளி. இளைஞரின் கணக்கில் 35,000 வெள்ளி மிச்சம்.

நான்கு ஆண்டுகள் கழித்து விற்கப் போகிறார். விபத்து இல்லாத காரின் விலை 80,000 வெள்ளிக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவருடைய காருக்கும் அதே வரலாறுதான் கூடவே வரும். வாங்க வருபவர் அதே 35 விழுக்காட்டைக் குறைத்துத்தான் கேட்பார். அப்படியானால் 52,000 வெள்ளி கிடைக்கும். நல்ல காரை வாங்கியவருக்கு நட்டம் 20,000 வெள்ளி. இவருக்கு நட்டம் 13,000 வெள்ளி. உண்மையான மிச்சம் 35,000 அல்ல. வெறும் 7,000 வெள்ளிதான். மீதி 28,000 வெள்ளி, வாங்கும்போது கையில் கொடுக்கப்பட்டு விற்கும்போது திரும்பப் பிடுங்கப்படும் பணம்.

அந்த 7,000 வெள்ளியில் இருந்து என்னென்ன போக வேண்டும்? விபத்து வரலாறு தெரிந்தால் வங்கி வாடகைக் கொள்முதல் கடன் கொடுக்கத் தயங்கும். தனிநபர் கடன் எடுத்தால் வட்டி கூடும். முறையான காற்றுப்பை ஒரு ஜோடி, ஒரு பக்கமாகவே தேயும் டயர்கள், சக்கரக் கோணத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் செலவு, மின் இணைப்புக் கோளாறு என்று ஒன்று வந்தாலே அந்தத் தொகை கரைந்துவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர்கள் சொன்னது இந்தக் காருக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது.

காப்புறுதியையும் மறந்துவிடக் கூடாது. சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்ட காப்புறுதி என்றால், இழப்பு நேர்ந்த நாளில் அந்தக் காருக்கு என்ன மதிப்போ அதுவே கிடைக்கும். கூடுதல் தொகைக்குப் பிரீமியம் கட்டியிருந்தாலும் பயன் இல்லை. காப்புறுதி எடுக்கும்போது நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தர வேண்டிய கடமை வாங்குபவருக்கு இருக்கிறது. விபத்து வரலாற்றையும் இயந்திர மாற்றங்களையும் மறைத்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே தடையாக வந்து நிற்கும்.

அப்படியும் வாங்க நினைத்தால்

இத்தனை சொன்ன பிறகும், "எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. திருடப்பட்டு, இருக்கையும் சக்கரமும் மட்டும் போன கார் இருக்கலாம். பிரிட்டனில் 'என்' பிரிவில் வந்த கார் இருக்கலாம். அவற்றில் நேர்மையாகப் பழுதுபார்க்கப்பட்டவை நன்றாகவே ஓடுகின்றன. எளிய குடும்பத்து இளைஞர்களுக்குக் கனவுக் காரை எட்டிப்பிடிக்க அது ஒரு வழி என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் எதையெல்லாம் கேட்க வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பழுதுபார்ப்பதற்கு முன் எடுத்த படங்கள். சேதத்தின் உண்மையான அளவைச் சொல்லும் முதல் சாட்சி அதுதான். படம் இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டாவது, எந்தப் பாகங்கள் எங்கே வாங்கப்பட்டன என்பதற்கான ரசீதுகள். மூன்றாவது, கூட்டை அளவுச் சட்டத்தில் ஏற்றி அளந்த அறிக்கை. நான்காவது, வெளிநாட்டில் இருந்து வந்த கார் என்றால், சேஸிஸ் எண்ணைக் கொண்டு ஏலத் தாளை அல்லது பிரிட்டிஷ் பதிவு வரலாற்றை வாங்குபவரே தனியாகப் பெற்றுச் சரிபார்ப்பது. விற்பவர் காட்டும் நகலை அப்படியே நம்பக் கூடாது.

கண்ணால் பார்க்கக் கூடியவையும் உண்டு. வெளுத்ததெல்லாம் பால் அல்ல. பளபளப்பதெல்லாம் தொழிற்சாலைச் சாயம் அல்ல. சாயத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. தொழிற்சாலைச் சாயம் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரோன் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டினால், அங்கே பூச்சு நிரப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய முறை எல்லாக் காருக்கும் பொருந்தாது. லான்சர் எவலூஷன் போன்ற கார்களில் பானட்டே அலுமினியம்.

மட்கார்டையும் பானட்டையும் பிடிக்கும் திருகாணிகளின் தலையில் சாயம் உரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இருக்கை வார்களின் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் உள்ள தயாரிப்பு ஆண்டு, காரின் ஆண்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் தவறு. அணையவில்லை என்றாலும் தவறு. சரியாக எரிந்து அணைந்தாலும் ஸ்கேனர் கருவியால் சோதிக்க வேண்டும். மின்தடை வைத்து ஏமாற்றும் பழக்கம் பற்றி முன்பே சொல்லப்பட்டது.

நான்கு சக்கரங்களின் கோணத்தையும் அளந்து அச்சிட்ட தாள் வாங்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் உள்ள தூரம் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பது அதில் முக்கியம். ஒருபக்கம் குறைந்திருந்தால், சரிசெய்யும் திருகாணிகளால் அதை முழுமையாக மறைக்க முடியாது. இறுதியாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையில் காரை உயர்த்தி அடிப்பகுதியைக் காட்ட வேண்டும். அதற்கு ஆகும் சில நூறு வெள்ளியைச் செலவு என்று நினைக்கக் கூடாது. பரிசோதனைக்கு விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பே பரிசோதனையின் முடிவு.

சட்டம் எந்த அளவுக்குத் துணை?

வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமலேயே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு செல்லலாம். ஆனால் தனிநபர் ஒருவர் தம் சொந்தக் காரை விற்றால், அவரை வியாபாரியாகக் கருதி அந்த மன்றத்துக்கு அழைப்பது கடினம். அண்டை நாடான சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' பழைய கார்களையும் உள்ளடக்குகிறது. ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் அங்கும்கூட, குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்ற பொருளுக்கு, அதே குறையைக் காட்டி முறையிட முடியாது.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. "முழு இழப்பான கார்" என்று விற்பவர் சொல்லிவிட்டால், அந்த நேர்மை வாங்குபவரைக் காப்பதைவிட விற்பவரைத்தான் அதிகம் காக்கும். எனவே, என்ன சேதம், எந்த இடத்தில், எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் பட்டறை வாசலோடு நின்றுவிடும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

மீண்டும் அந்த இளைஞரின் வீட்டுக்குப் போவோம். "ஏன்டா இவ்வளவு மலிவு?" என்று அப்பா கேட்டாரே, அதற்கு இரண்டு விதமான பதில்கள் இருக்கலாம்.

"அப்பா, பின்பக்கத்தில் இடித்த கார். பம்பரும் பின்கதவும் விளக்கும் போயின. கட்டமைப்பில் அடி இல்லை. இதோ, சேதமான நாளில் எடுத்த படம். இதோ ரசீது, இதோ அளந்த அறிக்கை. வேறு பட்டறையில் நானே காட்டிவிட்டேன். என் சேமிப்பில் இருந்து ரொக்கமாகத்தான் கொடுக்கப் போகிறேன். விற்கும்போது விலை குறைவாகத்தான் போகும் என்பதும் தெரியும்." இப்படிச் சொல்ல முடிந்தால், அந்தக் காரை வாங்கலாம். அவர் வாங்குவது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரியலப்பா, ஆனால் ஓட்டிப் பார்த்தேன், நல்லா இருக்கு." இதுதான் பதில் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிட வேண்டும். சட்டகத்தில் அடிபட்ட கார், ஆவணம் இல்லாத கார், கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள கார், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விலக வேண்டும். ஏனென்றால், அந்த 35,000 வெள்ளித் தள்ளுபடி இரக்கப்பட்டுக் கொடுக்கப்படுவது அன்று. வேறு யாரும் ஏற்க விரும்பாத ஓர் ஆபத்தை ஏற்றுக்கொள்வதற்கு இளைஞருக்குக் கொடுக்கப்படும் கூலி அது.

அந்தக் கூலியை வாங்குபவர் ஒருவர். ஆபத்தைச் சுமந்துகொண்டு அந்தக் காரில் பயணம் செய்பவர்களோ நான்கைந்து பேர். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம், பின்னிருக்கையில் உட்காரப் போகும் தங்கையை நினைத்துப் பார்த்தால் போதும். கனவுக் கார் இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கும். சேமித்து, நல்ல காராகவே வாங்கிக்கொள்ளலாம்.